கூலி அவருக்குச் செலவு, எனக்கு வியாபாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு விவசாயி எழுதிய கடிதம் வந்திருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய், நூறு நாள் வேலை, பெண்களுக்கு இலவச பஸ் எல்லாம் சேர்ந்து உழைக்கிற ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன, களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறினால் வேலைதான் குறையும், அரசாங்கமும் கடனில் முழுகிக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். என் மச்சான் அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நான் பதினஞ்சு வருஷமா சொல்றதை ஒருத்தர் எழுதிட்டார் பாருங்க" என்று போட்டிருந்தார். போனில் பதில் சொன்னால் எப்போதும் போலச் சண்டையில்தான் முடியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவரும் உங்கள் பத்திரிகை வாங்குகிறவர்தான்.

கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரி போகிற வழியில், பெரிய கங்கணாங்குப்பத்தில் 29 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மச்சானுக்குப் பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிற கொட்டகை. இரண்டு பேருமே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள். அப்படியிருந்தும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப் போவதில்லை. ஏன் என்று எனக்கே வெகு நாள் புரியவில்லை.

முதலில் என் கதை. நூறு நாள் வேலையை என்னைவிட அதிகமாகத் திட்டிய ஆள் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிடையாது. 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே கடலூர் இருந்தது. அப்போது தமிழகத்தில் ஒரு நாள் கூலி 80 ரூபாய். என் கடையில் பருப்பு புடைக்க, மிளகாய்க் காம்பு கிள்ள, பொட்டலம் கட்ட என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கு 50 ரூபாய், மத்தியானம் ஒரு டீ. எங்கள் பக்கம் அந்த வேலை சூடு பிடிக்க இரண்டு வருஷம் ஆனது. 2008-ல் ஒரு திங்கட்கிழமை, இருவரில் மூத்தவர் வந்து, "வாய்க்கால் வேலைக்குக் கூப்பிடறாங்கண்ணே, 80 ரூபா. நீங்க அதைக் குடுத்தா இங்கேயே இருக்கேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. என் கடைப் படியை அது ஒரு நாளும் ஏறியதில்லை. யாருக்கு என்ன கொடுக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதும் இல்லை. கேட்டது அந்த வாய்க்கால்தான். சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிற கூலியால் ஆகாத காரியம், பக்கத்திலேயே இன்னொரு வேலை இருக்கிறது என்றதும் ஆகிவிட்டது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். மூத்தவருக்கு 80 கொடுத்தேன். இளையவரை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் என் மனைவியை உட்கார வைத்தேன். "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று சொன்னதாக ஞாபகம். சும்மா இருந்தவர் ஐந்து வயசுப் பெண்ணையும், கைக்குழந்தையையும், படுக்கையில் கிடந்த என் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூலி ஏறினால் வேலை குறையும் என்று உங்கள் வாசகர் எழுதியதற்கு என் கடையே சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் வேலை ஒன்றும் குறையவில்லை. பருப்பும் மிளகாயும் அதே அளவுதான். கூலி மட்டும் என் வீட்டுக்குள் போய் மறைந்துகொண்டது.

புதுச்சேரியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிற மகளிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்காவில் இதே சண்டை எப்போதோ நடந்துவிட்டது என்றாள். நியூஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றினார்களாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இருவர் இரண்டு பக்கத்திலும் 410 கடைகளில், கூலி ஏறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஏறிய பக்கம் வேலை குறையவில்லை. அப்படியில்லை, சம்பளப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் குறைந்துதான் இருக்கிறது என்று வேறு இருவர் மறுத்து எழுத, அதற்கு இவர்கள் 2000-ல் மறுபடி பதில் எழுதியிருக்கிறார்கள். க்ரூகர் 2019-ல் இறந்துவிட்டார். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு. இவ்வளவு நடந்த நாட்டில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறதாம். கூலி நிர்ணயிக்கிற நம் ஊர்க் கமிட்டிகள் எவ்வளவோ தேவலை.

"அந்த 410 கடையில எத்தனை கடையில முதலாளி வீட்டம்மா சம்பளமில்லாம கல்லாவுல உட்கார்ந்தாங்கன்னு கணக்கு எடுத்தாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பர்கர் கிங், கே.எஃப்.சி. கடைப்பா" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஆனா நல்ல கேள்வி" என்றும் சொன்னாள்.

சரி, 80 ரூபாய் கொடுத்ததில் நான் நொடித்துப் போனேனா என்றால் இல்லை. வாய்க்கால் வேலைக்குப் போன பெண்கள் வேறு யாரும் இல்லை, என் கடைக்கு வருகிறவர்கள்தான். அதுவரை தினமும் சாயங்காலம் ஐந்து ரூபாய்க்கு எண்ணெய், இரண்டு ரூபாய்க்குத் தூள் என்று வாங்கியவர்கள், வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகத் துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஐந்து ரூபாய் எண்ணெயில் எனக்கு என்ன நிற்கும்? அளக்கிற நேரம்கூடக் கட்டாது. ஒரு லிட்டர் பாக்கெட்டாகப் போனால் கதை வேறு. நான் மூத்தவருக்குக் கூடுதலாகக் கொடுத்த 30 ரூபாய், முப்பது நாற்பது வீடுகளுக்கு வந்த 80 ரூபாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. இது அப்போதே புரிந்திருந்தால் இளையவரை நிறுத்தியிருக்க மாட்டேன்.

மச்சான் விஷயம் அப்படியில்லை. அவர் கொட்டகைக்கு வருகிற பச்சைக் கொட்டை பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறது. பருப்பு விலையை இங்கே யாரும் நிர்ணயிப்பதில்லை. வியட்நாம்காரன் என்ன விலைக்கு விற்கிறானோ அதை ஒட்டித்தான் இவரும் விற்க வேண்டும். உடைக்கிற பெண்ணுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக் கொடுத்தால், அதை மும்பையில் வாங்குகிறவரிடம் கேட்க முடியாது. அந்தப் பெண்கள் அவர் பருப்பை வாங்கித் தின்னப் போவதும் இல்லை. அவருக்குக் கூலி வெறும் செலவு. எனக்குக் கூலி என்பது வியாபாரம். பதினைந்து வருஷச் சண்டைக்குக் காரணம் இவ்வளவுதான். ஆள் இல்லாமல் கட்டிங் மெஷின் வாங்கினேன் என்று அவர் சொல்வது பொய்யில்லை. மெஷின் வந்ததும் பத்துப் பெண்கள் செய்த வேலையை மூன்று பேர் செய்கிறார்கள் என்பதும் பொய்யில்லை.

ஆனால் அவருக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்து, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறு வருஷம் அவர் கொட்டகைக்கு உள்ளூர்க் கொட்டையும் இல்லை, பெண்களுக்கு வேலையும் இல்லை. அந்த ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போகாமல் ஊரில் நின்றதற்கு நூறு நாள் வேலையும் ஒரு காரணம். கொட்டகை மறுபடி திறந்தபோது அவர் ஆள் தேடி அலையவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி மாதம் ஆயிரத்துக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். 33 ரூபாயில் சோம்பேறியாக வாழ முடியும் என்றால் அந்த வித்தையை உங்கள் வாசகர் எனக்கும் சொல்லிக்கொடுக்கட்டும், நாளைக்கே கடையை மூடுகிறேன். அந்தப் பணம் எங்கே போகிறது என்று நான் பார்த்தவரை சொல்கிறேன். 15-ம் தேதியிலிருந்து நாலு நாள், 14 ஆயிரத்தில் ஓடுகிற என் கல்லா 20 ஆயிரத்தைத் தொடும். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, புதுசாகக் கொஞ்சம் வாங்குவார்கள். ஆனால் முழுதும் எனக்கு வருகிறது என்று நினைக்க வேண்டாம். பெரிய பங்கு வாரத் தவணைக் கடன்காரருக்குப் போகிறது. காலை ஏழு மணிக்கே பைக்கை நிறுத்திக்கொண்டு தெருமுனையில் நிற்பார். அவருக்குப் போக மீதிதான் எனக்கு, கேஸுக்கு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு. அரசு கொடுத்த பணம் ஊருக்குள் சுற்றுவது நல்லது என்று மகள் சொல்கிறாள். தவணைக்காரர் பைக்கில் ஏறியதும் அது ஊரைவிட்டே போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

இன்னொன்றும் ஊரைவிட்டுப் போகிறது. எங்களுக்கு வடக்கே முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. அங்கே குடிக்கிற சரக்கு விலை குறைவு என்பது உலகத்துக்கே தெரியும். நம் கஜானாவில் கிளம்பிய பணம் சனிக்கிழமை சாயங்காலம் எல்லை தாண்டி அவர்கள் கஜானாவில் போய்ச் சேருவதை நான் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். அதற்கு முந்தின வருஷம் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. ஒரு வீட்டில் பெண்டாட்டி கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புருஷன் பையில் மூன்றரை எடுத்தால், அந்த வீட்டுக்கு உதவி செய்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லை என்றதும் வெள்ளம் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். பெண்ணையாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் கடையில் இடுப்பளவு தண்ணீர், பதினொரு மூட்டை அரிசி, சர்க்கரை, பருப்பு எல்லாம் கூழ். தமிழக அரசு பாதித்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 அறிவித்தது. ஒரே மழை, ஒரே புயல், நடுவில் ஒரு ரோடு. அந்த மாதம் என் கடையில் பாய், பக்கெட், பிளீச்சிங் பவுடர் வாங்கியவர்களில் பாதிப் பேர் வடக்குப் பக்கத்து ஆட்கள். எங்கள் பக்கத்து ஜனம் வாங்கவில்லை என்றில்லை, நோட்டில் எழுதச் சொன்னார்கள். வடக்கே காசு, தெற்கே கடன். மகளிடம் சொன்னால் இதுவும் நியூஜெர்சி மாதிரிதான் என்பாள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். தண்ணீர் எங்கள் பக்கம்தான் அதிகம் நின்றது.

அந்த நோட்டுதான் இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வெள்ளம் வந்த அதே சமயம், 2024 நவம்பர் கடைசியிலிருந்து நூறு நாள் வேலைச் சம்பளம் நின்றுபோனது. மார்ச் மாதத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று ஆர்ப்பாட்டமே நடந்தது. மத்திய அரசா மாநில அரசா என்று டிவியில் சண்டை போட்டார்கள். அந்த நாலைந்து மாதம் அந்த ஜனங்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். என் நோட்டில் சாப்பிட்டார்கள். எப்போதும் 50, 60 ஆயிரத்தில் நிற்கிற பாக்கி மார்ச் கடைசியில் 1,40,000-ஐத் தாண்டியது. மண்டியில் எனக்குப் பதினைந்து நாள்தான் தவணை. ‘அரசாங்கம் சம்பளம் போடலை, அவங்க எனக்குத் தரலை, நான் உங்களுக்குத் தரலை’ என்று மண்டிக்காரரிடம் சொல்ல முடியுமா? மனைவியின் வளையலை அடகு வைத்து மண்டியை அடைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். வேலையை வாங்கிவிட்டுச் சம்பளத்தைத் தள்ளிப் போட்டால் அது சிக்கனம் இல்லை. அரசு அந்தப் பெண்ணிடம் கடன் வாங்குகிறது, அந்தப் பெண் என்னிடம் வாங்குகிறார், நான் அடகுக் கடையில் வாங்குகிறேன். கடைசியில் வட்டி கட்டுகிறவன் நான். பதினைந்து நாளுக்குள் சம்பளம் தர வேண்டும், தராவிட்டால் நாளுக்கு 0.05 சதவீதம் நஷ்ட ஈடு என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இருந்தது. 5,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய். அதையாவது வாங்கினேன் என்று என் வாடிக்கையாளர் ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. 2025-26-க்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய் என்று பேப்பரில் பெரிதாகப் போட்டீர்கள். அது எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதையும் ஒரு தடவை போடுங்கள். எனக்கு 336-ஐவிட அந்தத் தேதி முக்கியம்.

கடன் பற்றி உங்கள் வாசகர் எழுதியதை நான் ஒதுக்கிவிடவில்லை. 2026 மார்ச்சில் தமிழகத்தின் கடன் 9,29,959 கோடியாக இருக்கும், மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம் என்று 2025-26 பட்ஜெட்டிலேயே சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு உறுத்துவது வருவாய்ப் பற்றாக்குறை என்கிற 41,635 கோடிதான். அன்றாடச் செலவுக்கே கடன் என்று அர்த்தம். சரக்கு எடுக்க நானும் கடன் வாங்குகிறேன். வீட்டில் சோறு பொங்கக் கடன் வாங்குகிறவனுக்கு நானே நோட்டில் எழுத யோசிப்பேன். அதனால் என் கட்சி இதுதான்: பெண்ணையாற்றுக் கரையை உயர்த்தக் கடன் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள், 2024-ல் அந்தக் கரை இருந்திருந்தால் யாருக்கும் 2,000 கொடுக்க வேண்டியிருந்திருக்காது. ஆயிரம் ரூபாயை வரியிலிருந்து கொடுங்கள். கட்டக் கூடியவர்களிடம் இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுங்கள்.

வரி என்றதும் "நான் கட்டற வரியில இவங்களுக்கு ஏன்" என்று மச்சான் ஆரம்பிப்பார். மச்சான், குளிக்கிற சோப்புக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைக்கிற வரை 18 சதவீதம் வரி. அதை என் கல்லாவில் கட்டியது உங்கள் கொட்டகையில் உடைக்கிற பெண்ணும்தான். பில் கேட்காததால் கட்டவில்லை என்று ஆகிவிடாது.

இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தார். அவருக்கு மாதம் ஆயிரம் கிடையாது. கடையும் வீடும் ஒரே மீட்டரில் இருக்கிறது, பிரிட்ஜ் ஓடுகிற வீடு, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் அந்தத் தொகை கிடையாது. இளையவரை நிறுத்திய இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "2008-லேருந்து எனக்கு நாளைக்கு 80 ரூபான்னே போடுங்க, ஏத்தவும் வேணாம். வருஷத்துக்கு 350 நாள். அந்தக் கால்குலேட்டரைத் தட்டுங்க" என்றார்.

தட்டினேன். பதினேழு வருஷத்துக்கு 4,76,000 ரூபாய் வந்தது.

"இதுல அந்த 0.05 சேரலையே?" என்றார்.

கடிதத்தை மடித்துக் கவரில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்,
பெரிய கங்கணாங்குப்பம், கடலூர்.